கணக்கு மென்பொருளிலிருந்து வேர்ட் மெயில் மெர்ஜ்: போஸ்கோட் பூஜ்யம் போகிறது, ஒரே ஆளுக்கு ஆறு கடிதம் வருகிறது

உரக்கடை_கிராணி (கேள்வி)

வணக்கம். கெடா மாநிலம் பாடாங் செராயில் உரம், களைக்கொல்லி, செம்பனை அறுக்கும் கருவிகள் விற்கும் கடை. கடன் கணக்கில் 400 வாடிக்கையாளர்கள் வரை இருக்கிறார்கள். பெரும்பாலும் சிறு தோட்டக்காரர்களும் எஸ்டேட் குத்தகைக்காரர்களும்தான். மாதக் கடைசியில் பாக்கி நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். கணக்கு மென்பொருளிலிருந்து சிஎஸ்வி (கமாவால் பிரித்த எழுத்துக் கோப்பு) எடுத்து, எக்செல்லில் திறந்து, எக்செல் கோப்பாகச் சேமித்து, வேர்டில் மெயில் மெர்ஜ் (ஒரே கடிதத்தில் பெயர், தொகையை ஆளுக்கு ஆள் மாற்றி அச்சிடுவது) செய்கிறேன். ஆபிஸ் 2019, விண்டோஸ் 10.

வரும் கோளாறுகள்:

போஸ்கோட் 09400 என்பது 9400 ஆகிவிடுகிறது. லூனாஸ் 09600-க்கும் இதே கதி. ஆனால் நிபோங் திபால் 14300 சரியாக வருகிறது.

எக்செல்லில் 1,250.40 என்று தெரியும் தொகை, கடிதத்தில் 1250.4000000000001 என்று வருகிறது.

15/03/2025 என்ற தேதி 3/15/2025 ஆகிறது.

தொலைபேசி எண் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வெறும் காலியிடம். எக்செல்லில் எல்லாருக்கும் எண் இருக்கிறது.

ஆறு இன்வாய்ஸ் பாக்கி வைத்திருப்பவருக்கு ஆறு கடிதம் வருகிறது. ஒரே கடிதத்தில் ஆறும் வரிசையாக வர வேண்டும்.

நடுவில் எக்செல்லே இல்லாமல் வேர்டை நேராகக் கணக்கு மென்பொருளோடு இணைத்துவிட்டால் இதெல்லாம் தீருமா?

---

கூலிம்_தரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இணைக்கலாம், ஆனால் தீராது. ஐந்து கோளாறில் ஒன்று எக்செல் திறக்கும்போதே நடந்து முடிந்தது. மூன்று, வேர்ட் தரவை வாங்கும் விதத்தால் வருபவை. ஐந்தாவது மெயில் மெர்ஜின் பிறவிக் குணம், அதற்கு வழி வேறு.

போஸ்கோட்: சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், எண் போலத் தெரியும் எல்லாவற்றையும் எக்செல் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் பூஜ்யம் அங்கேயே போய்விடும். நிபோங் திபால் பூஜ்யத்தில் தொடங்காததால் தப்பிக்கிறது. கெடா, பெர்லிஸ் முகவரிகள்தான் மாட்டிக்கொள்ளும்: கூலிம் 09000, சுங்கை பட்டாணி 08000, பீடோங் 08100. கைப்பேசி எண்ணுக்கும் இதே ஆபத்து. 12 இலக்க அடையாள அட்டை எண் இருந்தால் இன்னும் மோசம். எக்செல் அதை 8.5 பெருக்கல் பத்தின் அடுக்கு என்ற பாணியில் காட்டும். அந்த நிலையில் மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் பின்னிலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் திறந்த உடனேயே பூஜ்யமாகிவிடும், எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும்.

ஆகவே சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். வெறும் எக்செல் கோப்பைத் திறந்து, டேட்டா தாவலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ மூலம் கொண்டுவாருங்கள். வரும் சன்னலில் ‘லோட்’ அழுத்தாமல் ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ அழுத்துங்கள். பவர் குவெரி (எக்செல்லுக்குள் தரவைச் சீர்செய்யும் பகுதி) திறக்கும். வலப்பக்கப் படிகளில் ‘சேஞ்ச்ட் டைப்’ என்று ஒன்று தானாகவே சேர்ந்திருக்கும். பூஜ்யத்தைத் தின்னும் படி அதுதான். அதை நீக்கிவிட்டு, போஸ்கோட், தொலைபேசி, வாடிக்கையாளர் எண் மூன்றையும் ‘டெக்ஸ்ட்’ ஆகவும், தொகையை ‘டெசிமல்’ ஆகவும் நீங்களே வையுங்கள். அந்தப் படியை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பின்னால் டெக்ஸ்ட் என்று மாற்றினால் பயன் இல்லை, பூஜ்யம் போனபின் போனதுதான்.

இதை ஒருமுறை அமைத்தால் போதும். அடுத்த மாதம் புது சிஎஸ்வியை அதே பெயரில் அதே ஃபோல்டரில் வைத்து ‘ரெஃப்ரெஷ் ஆல்’ அழுத்தினால் எல்லாப் படியும் தானாக ஓடும். குவெரியின் பண்புகளில் ‘எனேபிள் பேக்கிரவுண்ட் ரெஃப்ரெஷ்’ குறியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் புதுத் தரவு வந்து முடிவதற்குள் நீங்கள் சேமித்துவிட, வேர்ட் போன மாதத்தைத்தான் படிக்கும்.

---

கூலிம்_தரவு (தொடர்ச்சி)

தொகையும் தேதியும்: வேர்ட் 2002 முதல் எக்செல் கோப்பை ஓஎல்இ டிபி (வேறு கோப்பிலிருந்து தரவை வாங்கித் தரும் இயக்கி) வழியாகத்தான் இயல்பாகப் படிக்கிறது. அந்த வழியில் கலத்தின் உள்ளே இருக்கும் மதிப்பு மட்டுமே வரும், நீங்கள் போட்ட கமாவும் இரண்டு தசமமும் வராது. 1250.40 என்பதை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. உள்ளே இருப்பது அதற்கு மிக அருகில் உள்ள எண். அதன் எல்லா இலக்கமும் வெளியே தெரியும்போது 1250.4000000000001 வருகிறது. உங்கள் கணக்கில் தவறு எதுவும் இல்லை.

சரிசெய்வது கடிதத்தில். ஆல்ட் + எஃப்9 அழுத்தினால் புலங்களின் (பெயர், தொகை வந்து நிரம்பும் இடங்களின்) உள்குறி தெரியும். தொகைப் புலத்தில் பெயருக்குப் பின்னால், மூடும் நெளிவு அடைப்புக்கு முன்னால், ஓர் இடைவெளி விட்டு இதைச் சேருங்கள்:

\# ",0.00"

கழிவுத் தொகையை (மைனஸில் வருவதை) அடைப்புக்குறியிலும் சைபரை ஒரு கோடாகவும் காட்ட வேண்டுமானால்:

\# ",0.00;(,0.00);-"

‘ரி.ம.’ (ரிங்கிட் மலேசியா) என்பதைப் புலத்துக்கு வெளியே சாதாரண எழுத்தாகத் தட்டுங்கள். பிறகு புலத்தில் நின்று எஃப்9, மறுபடி ஆல்ட் + எஃப்9. நெளிவு அடைப்பை விசைப்பலகையில் தட்டினால் அது புலம் ஆகாது. புதிதாக ஒன்று வேண்டுமானால் கண்ட்ரோல் + எஃப்9.

தேதிக்கும் இதே போல ஒரு குறி உண்டு: பின்சாய்வுக் கோடு, ஒட்டினாற்போல் @, பிறகு மேற்கோளுக்குள் நாளுக்குச் சிறிய ‘டி’ இரண்டு, மாதத்துக்குப் பெரிய ‘எம்’ இரண்டு, ஆண்டுக்குச் சிறிய ‘ஒய்’ நான்கு. ‘எம்’ சிறியதாக இருந்தால் வேர்ட் அதை நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும், கடிதத்தில் மாதம் 00 என்று வரும். ஆனாலும் என் பரிந்துரை, தேதியை எக்செல்லிலேயே ‘டெக்ஸ்ட்’ ஃபங்ஷனால் எழுத்தாக மாற்றி அந்தப் பத்தியை (நெடுவரிசையை) கடிதத்தில் பயன்படுத்துவது. நாளும் மாதமும் இடம் மாற வாய்ப்பே இராது.

தேதியில் இன்னொரு பொறியும் உண்டு. விண்டோஸ் வட்டார அமைப்பு ‘இங்கிலீஷ், மலேசியா’ என்று இருக்கிறதா பாருங்கள். பல புதுக் கணினிகளில் அது ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்றே கிடக்கும். அப்படியானால் 05/03/2025 என்ற மார்ச் 5, சத்தமில்லாமல் மே 3 ஆகிவிடும். 15/03/2025-க்கு 15-ஆம் மாதம் கிடையாது என்பதால் அது எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே பத்தியில் சில தேதி வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றால் இதுதான் காரணம்.

காலியான தொலைபேசி: ஒரு பத்தி எண்ணா எழுத்தா என்பதை அந்த இயக்கி முதல் 8 வரிகளைப் பார்த்து முடிவு செய்கிறது. உங்கள் பட்டியலில் ஒருவர் எண்ணைக் கோட்டோடு போட்டிருப்பார், அது எழுத்து. இன்னொருவர் கோடில்லாமல், அது எண். முதல் 8-இல் எண் அதிகமாக இருந்தால் முழுப் பத்தியும் எண், எழுத்தாக இருப்பவை எல்லாம் காலி. எந்த எச்சரிக்கையும் வராது. பவர் குவெரியில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டால் இதுவும் அதோடு தீரும். கலத்தைத் தேர்ந்து ‘ஃபார்மட் செல்ஸ்’ போய் டெக்ஸ்ட் என்று மாற்றுவது மட்டும் போதாது. ஏற்கெனவே எண்ணாக உள்ளே போனது, மறுபடி தட்டும்வரை எண்தான்.

சிலர் டிடிஇ (எக்செல்லைத் திறந்து அதனிடமிருந்தே தரவை வாங்கும் பழைய முறை) வழியைச் சொல்வார்கள்: வேர்ட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், ஜெனரல் பகுதியில் ‘கன்ஃபர்ம் ஃபைல் ஃபார்மட் கன்வர்ஷன் ஆன் ஓப்பன்’ குறியைப் போட்டால் கோப்பு திறக்கும்போது டிடிஇ-யைத் தேர்வு செய்யலாம். எக்செல்லில் கண்ணுக்குத் தெரிவது அப்படியே வரும், உண்மைதான். ஆனால் முதல் ஷீட் மட்டுமே படிக்கும், எக்செல் கூடவே திறந்திருக்கும், மெதுவாக ஓடும். 400 கடிதத்துக்கு நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

---

பேரேடு_அக்கா

தம்பி, வேர்ட் பக்கம் மேலே நல்லா சொல்லியாச்சு. நான் கணக்குப் பக்கம் சொல்றேன்.

நீங்க எடுக்கிறது இன்வாய்ஸ் பட்டியல். அதனாலதான் ஆறு வரி, ஆறு கடிதம். மெயில் மெர்ஜுக்கு ஒரு வரின்னா ஒரு கடிதம், அதுக்கு வேற எதுவும் தெரியாது. ‘கஸ்டமர் ஏஜிங்’ ரிப்போர்ட்டை எடுங்க. அதுல ஒரு ஆளுக்கு ஒரே வரி. நடப்பு மாதம், 1 மாதம், 2 மாதம், 3 மாதத்துக்கு மேல், மொத்தம்னு பத்தி பத்தியா வரும். கடிதத்துல அஞ்சு கட்டம் போட்ட ஒரு சின்ன டேபிள் வரைஞ்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு புலம் வெச்சா போதும். இன்வாய்ஸ் வாரியா விவரம் வேணும்னா மென்பொருளிலேயே ஸ்டேட்மெண்ட் அச்சடிச்சு கூடவே மடிச்சு வைங்க. கடிதத்தை வேர்ட் பார்க்கட்டும், கணக்கை மென்பொருள் பார்க்கட்டும். ரெண்டையும் வாடிக்கையாளர் எண் வரிசையில அச்சடிச்சா மாறிப் போகாது.

ரிப்போர்ட் எடுக்கும்போது மூணு விஷயம் கவனிங்க.

ஏஜிங் இன்வாய்ஸ் தேதியிலிருந்தா, கட்ட வேண்டிய கெடு தேதியிலிருந்தா? 60 நாள் தவணை கொடுத்த ஆளுக்கு இன்வாய்ஸ் தேதியில கணக்குப் பார்த்தா, கெடு முடியுறதுக்கு முன்னாடியே ‘1 மாதப் பாக்கி’ன்னு கடிதம் போயிடும். சண்டைக்கு வருவாங்க, நியாயம் அவங்க பக்கம்தான் இருக்கும்.

நாக் ஆஃப் பண்ணாத ரசீது. பணம் வாங்கி ரசீது போட்டிருப்பீங்க, எந்த இன்வாய்ஸுக்குன்னு தட்டாம விட்டிருப்பீங்க. அப்போ பழைய இன்வாய்ஸ் 3 மாதப் பத்தியிலயே நிற்கும், ரசீது நடப்பு மாதத்துல கழிவா நிற்கும். மொத்தம் சரியா இருக்கும், ஆனா 3 மாதப் பாக்கியைப் பார்த்து கடிதம் போயிடும். சிஎஸ்வி எடுக்கிறதுக்கு முன்னாடி நாக் ஆஃப் ஆகாத ரசீது, கிரெடிட் நோட் எல்லாத்தையும் முடிச்சிடுங்க.

பின்தேதி காசோலை கொடுத்தவங்க. கையில காசோலை இருக்கும்போது நினைவூட்டுக் கடிதம் அனுப்பினா நல்லா இருக்காது. இவங்க வாடிக்கையாளர் எண்ணை மட்டும் தனி ஷீட்டுல வெச்சு, பவர் குவெரியில ‘மெர்ஜ்’ பண்ணும்போது ‘லெஃப்ட் ஆன்ட்டி’ போட்டா பட்டியல்லேருந்து விலகிடுவாங்க.

அடையாள அட்டை எண் பத்தி ஏற்றுமதியில இருந்தா நீக்கிடுங்க. பாக்கிக் கடிதத்துக்கு அது தேவையே இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 கடைக்காரங்களையும் கட்டுப்படுத்தும். 400 பேரோட அட்டை எண் கடைக் கணினியில டெஸ்க்டாப்புல கிடக்கிற எக்செல் கோப்புல இருக்கக் கூடாது.

---

உரக்கடை_கிராணி

நன்றி அண்ணே, அக்கா. பவர் குவெரியில் போஸ்கோட், தொலைபேசி இரண்டும் சரியாகிவிட்டன. தொகைக்கும் குறி போட்டுவிட்டேன். ஏஜிங் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று கேள்வி பாக்கி.

எக்செல்லில் பாக்கி 0-க்கு மேல் என்று வடிகட்டி வைத்தும், வேர்டில் 400 பேரும் வருகிறார்கள். கோப்பைத் தேர்வு செய்யும்போது ஷீட் பெயர் ஒரே மாதிரி இரண்டு தெரிகிறது, ஒன்றின் வாலில் ‘ஃபில்டர் டேட்டாபேஸ்’ என்று இருக்கிறது. எதை எடுப்பது?

முதலாளிக்கு இன்வாய்ஸ் எண்கள் கடிதத்திலேயே வேண்டுமாம். ஸ்டேட்மெண்ட் தனியாக வைத்தால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்கிறார்.

நேரடி இணைப்பையும் முயன்றேன். ஓடிபிசியில் (விண்டோஸில் தரவுத்தளத்தோடு இணைக்கும் வழி) இணைப்பு ‘டெஸ்ட்’ வெற்றி என்கிறது. ஆனால் வேர்டில் ‘ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்’ என்று நிற்கிறது.

---

பைட்_பார்வை

மூன்றாவதிலிருந்து வருகிறேன்.

அந்தப் பிழைக்கு ஒரே பொருள்: ஓடிபிசி இயக்கி 64 பிட், உங்கள் வேர்ட் 32 பிட், அல்லது தலைகீழாக. விண்டோஸ் எது என்பது இங்கே கணக்கில்லை, ஆபிஸ் எது என்பதுதான் கணக்கு. வேர்டில் ஃபைல், அக்கவுண்ட், அபவுட் வேர்ட் போனால் மேல் வரியிலேயே எழுதியிருக்கும். 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி நிர்வாகி இரண்டு உண்டு. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட். பெயரைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் இரண்டும் பிட் எண்ணோடு தனித்தனியாக வரும், அதைப் பயன்படுத்துங்கள். நீங்கள் ‘டெஸ்ட்’ செய்தது 64 பிட் நிர்வாகியில் என்றால், 32 பிட் இயக்கியை நிறுவி 32 பிட் நிர்வாகியில் புதிதாக ஒரு டிஎஸ்என் (சேமித்துவைக்கும் இணைப்பு விவரம்) அமைக்க வேண்டும்.

எந்த இயக்கி என்பது மென்பொருளைப் பொறுத்தது. எஸ்கியூஎல் அக்கவுண்ட் என்றால் அடியில் இருப்பது ஃபயர்பேர்டு தரவுத்தளம், பெயரைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் இயக்கியைப் போட்டால் ஒட்டாது. ஃபயர்பேர்டின் வழக்கமான போர்ட் 3050. அதன் கிளையண்ட் டிஎல்எல் கோப்பும் அதே பிட்டில் இருக்க வேண்டும். ஆட்டோகவுண்ட் என்றால் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர். பழைய யூபிஎஸ் என்றால் டிபிஎஃப் கோப்புகள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் இணைப்பு அமைப்பில் கேரக்டர் செட் யூடிஎஃப்8 என்று கொடுங்கள், இல்லையென்றால் கேள்விக்குறிதான் வரும்.

இருந்தாலும் வேர்டை நேராகத் தரவுத்தளத்தில் இணைக்காதீர்கள். வேர்ட் உருவாக்கும் இணைப்புக் கோப்பில் கடவுச்சொல்லைச் சேமித்தால் அது வெறும் எழுத்தாகவே கிடக்கும், நோட்பேடில் திறந்து யாரும் படிக்கலாம். வாடிக்கையாளர் அட்டவணை ஒரு பக்கம், ரசீது ஒரு பக்கம், நாக் ஆஃப் ஒரு பக்கம் என்று பிரிந்திருப்பதை இணைக்க நீளமான எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை) வேண்டும், அதை வேர்டுக்குள் பராமரிப்பது தலைவலி. தரவுத்தளத்துக்குள் நாமே ஒரு வியூ (சேமித்துவைத்த எஸ்கியூஎல் கட்டளை) போட்டுவைத்தால் அடுத்த அப்டேட்டில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், ஏஜிங்கை மென்பொருள் எப்படிக் கணக்கிடுகிறதோ அதை நாம் எஸ்கியூஎல்லில் மறுபடி எழுத வேண்டியிருக்கும். ஒரு வெள்ளி வித்தியாசம் வந்தாலும் கடிதம் செல்லாக் காசு.

சிஎஸ்வி எடுக்கும் வேலையே வேண்டாம் என்றால், எக்செல்லின் ‘கெட் டேட்டா’வில் ‘ஃப்ரம் ஓடிபிசி’ மூலம் இணையுங்கள். படிக்க மட்டும் அனுமதி உள்ள தனிப் பயனர் கணக்கு போடுங்கள். மென்பொருளை நிறுவியபோது வந்த நிர்வாகிக் கடவுச்சொல்லை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பெயர், முகவரி, தொலைபேசி போன்றவற்றை இப்படி எடுக்கலாம். பாக்கியை மட்டும் ஏஜிங் ரிப்போர்ட்டின் சிஎஸ்வியிலிருந்தே எடுத்து, வாடிக்கையாளர் எண்ணால் சேருங்கள்.

வடிகட்டல்: எக்செல்லில் மறைத்த வரியை வேர்ட் கண்டுகொள்ளாது, ஷீட்டில் உள்ளதெல்லாம் வரும். ‘ஃபில்டர் டேட்டாபேஸ்’ என்று தெரிவது, எக்செல் ஆட்டோஃபில்டருக்காகத் தானே வைத்துக்கொள்ளும் மறைவான பெயர். அதை எடுக்காதீர்கள், அந்த வரம்பு எப்போது விரிந்தது எப்போது நின்றது என்று தெரியாது. டாலர் குறியோடு முடியும் ஷீட் பெயரை எடுங்கள். வடிகட்டலைப் பவர் குவெரியிலேயே ஒரு படியாகச் செய்துவிட்டால் ஷீட்டுக்கு வருவதே தேவையானவர்கள் மட்டும். அவசரத்துக்கு வேர்டின் ‘எடிட் ரெசிப்பியன்ட் லிஸ்ட்’டில் ‘ஃபில்டர்’ இருக்கிறது.

ஷீட்டின் முதல் வரி தலைப்பாகவே இருக்க வேண்டும். மென்பொருள் ரிப்போர்ட்டை எக்செல்லாக எடுத்தால் மேலே கடைப்பெயர், தேதி, இணைத்த கலங்கள் என்று நாலைந்து வரி வரும், கீழே மொத்தம் என்று ஒன்று வரும். அதை நீக்காவிட்டால் ‘மொத்தம்’ என்ற வாடிக்கையாளருக்கும் ஒரு கடிதம் அச்சாகும். தலைப்பு 40 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல். மெர்ஜ் செய்யும்போது எக்செல் கோப்பை மூடிவிடுங்கள்.

---

கூலிம்_தரவு

இன்வாய்ஸ் விவரம் கடிதத்துக்குள்ளேயே வர வேண்டும் என்றால், ஒரு ஆளின் எல்லா இன்வாய்ஸையும் ஒரே கலத்துக்குள் அடுக்கிவிட வேண்டும். ஆபிஸ் 2019-இல் ‘டெக்ஸ்ட்ஜாயின்’ ஃபங்ஷன் இருக்கிறது, ‘ஃபில்டர்’ ஃபங்ஷன் இல்லை. எனவே டெக்ஸ்ட்ஜாயினுக்குள் ‘இஃப்’ போட்டு, வாடிக்கையாளர் எண் பொருந்தும் இன்வாய்ஸ் வரிகளை மட்டும் எடுத்து, கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என்டர் அழுத்தி முடிக்க வேண்டும். வெறும் என்டர் அழுத்தினால் தவறான விடை வரும்.

பிரிப்பானாக ‘கேர்’ ஃபங்ஷனில் 10 கொடுத்தால் அடுத்த வரிக்குப் போகும். ஒரே வரிக்குள் இன்வாய்ஸ் எண், தேதி, தொகை மூன்றுக்கும் நடுவில் ‘கேர்’ 9, அதாவது டேப். இன்வாய்ஸ் தொகையை ஒட்டுவதற்கு முன் ‘டெக்ஸ்ட்’ ஃபங்ஷனில் "#,##0.00" கொடுத்து எழுத்தாக்குங்கள், ஏனென்றால் ஒட்டிய பிறகு வேர்டின் \# குறி அங்கே வேலை செய்யாது. கடிதத்தில் அந்தப் புலம் இருக்கும் பாராவுக்கு இரண்டு டேப் நிறுத்தம் வையுங்கள்: தேதிக்கு 5 செ.மீ.யில் இடது நிறுத்தம், தொகைக்கு 14 செ.மீ.யில் தசம நிறுத்தம். புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கும். டேபிள் கலத்துக்குள் அந்தப் புலத்தை வைக்காதீர்கள், டேப் நிறுத்தத்தை அங்கே அமைப்பது வம்பு.

இதில் ஒளிந்திருக்கும் பொறி 255. முதல் 8 வரிகளில் அந்தப் பத்தியில் எதுவும் 255 எழுத்தைத் தாண்டவில்லை என்றால், இயக்கி அதைக் குறும்பத்தி என்று முடிவு செய்து, பின்னால் வரும் நீளமானவற்றை 255-ஆவது எழுத்தில் வெட்டிவிடும். ஒரு இன்வாய்ஸ் வரி 30 எழுத்து என்று வைத்தால் எட்டு வரி தாண்டியதும் ஒன்பதாவது பாதியில் நிற்கும். அதிகப் பாக்கி உள்ளவருக்குத்தான் இது நடக்கும், கடிதம் முக்கியமாகத் தேவைப்படுவதும் அவருக்குத்தான். தீர்வு எளிது: ‘லென்’ ஃபங்ஷனால் நீளம் காட்டும் ஒரு பத்தியைச் சேர்த்து, நீளமானது மேலே வரும்படி வரிசைப்படுத்திச் சேமியுங்கள். அச்சு வரிசை வேறாக வேண்டுமானால் வேர்டின் ‘எடிட் ரெசிப்பியன்ட் லிஸ்ட்’டில் வாடிக்கையாளர் எண்ணால் மறுபடி வரிசைப்படுத்துங்கள், அது இயக்கியின் முடிவைப் பாதிக்காது.

சரிபார்க்க ஒரு வழி: டெக்ஸ்ட்ஜாயினால் அடுக்கிய தொகைகளை, ஒட்டுவதற்கு முந்திய இன்வாய்ஸ் பட்டியலிலிருந்தே ‘சம்இஃப்’ கொண்டு கூட்டி, ஏஜிங் மொத்தத்திலிருந்து கழித்து ஒரு பத்தி வையுங்கள். சைபர் இல்லாத வரி எதுவோ, அங்கே நாக் ஆஃப் ஆகாத ரசீது இருக்கிறது.

---

அச்சுக்கூடம்09

வேறு கருத்து ஒன்று. இன்வாய்ஸ் அட்டவணை கடிதத்துக்குள்ளேயே கட்டாயம் என்றால், வேர்ட் அதற்குத் தோதான கருவி இல்லை. பெரும்பாலான கணக்கு மென்பொருளில் ஸ்டேட்மெண்ட் வடிவத்தை மாற்ற ரிப்போர்ட் டிசைனர் இருக்கிறது. இருக்கும் ஸ்டேட்மெண்ட்டை நகல் எடுத்து, தலைப்புப் பகுதியில் நாலு வரிக் கடித வாசகத்தைப் போட்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டால் முடிந்தது. சிஎஸ்வி, எக்செல், 255 எதுவும் கிடையாது. பக்கம் தாண்டினால் அட்டவணைத் தலைப்பு தானாக அடுத்த பக்கத்திலும் வரும், மேலே சொன்ன மெயில் மெர்ஜ் முறையில் அது தானாக வராது. மூல வடிவத்தின் மேலேயே திருத்தாதீர்கள், அப்டேட்டில் அழியக்கூடும்.

வேர்ட் தேவைப்படுவது, ஆளுக்கு ஆள் வாசகம் மாறும்போது. சாதாரண நினைவூட்டல், கடைசி அறிவிப்பு, தவணை ஒப்பந்தம் என்று முதலாளி மாதாமாதம் வாசகத்தை மாற்றுபவராக இருந்தால் அதற்கு வேர்டுதான் வசதி.

---

உரக்கடை_கிராணி

வாசகம் மாறும். 3 மாதம் தாண்டியவர்களுக்குக் கடுமையான வாசகம், மற்றவர்களுக்குச் சாதாரணம். அதோடு தமிழ்க் கடிதம், மலாய்க் கடிதம் இரண்டும் உண்டு. எல்லாவற்றையும் ‘ரூல்ஸ்’ இஃப் கொண்டு ஒரே கடிதத்தில் வைக்கலாமா? இன்னொன்று: தமிழ்ப் பெயர் மட்டும் கடிதத்தில் வேறு எழுத்துருவில், சின்னதாக வருகிறது. முகவரியில் மூன்றாம் வரி இல்லாதவர்களுக்கு ஒரு கமா மட்டும் தனியாக ஒரு வரியில் நிற்கிறது.

---

பைட்_பார்வை

இஃப்பை ஒரு வாக்கியத்துக்கு மட்டும் வையுங்கள்: 3 மாதப் பத்தி 0-க்கு மேல் இருந்தால் இந்த வாக்கியம், இல்லையென்றால் அந்த வாக்கியம். முழுப் பாராக்களை இஃப்புக்குள் அடைத்தால் அடுத்த மாதம் திருத்தும்போது எந்த மேற்கோள் எங்கே மூடுகிறது என்று தெரியாமல் போகும். தமிழுக்கு ஒரு கடிதக் கோப்பு, மலாய்க்கு ஒரு கடிதக் கோப்பு. எக்செல்லில் ‘மொழி’ என்று ஒரு பத்தி, ஒவ்வொரு கடிதத்திலும் அதற்குரிய ஃபில்டர். எக்செல் கோப்பு ஒன்றே.

எழுத்துரு: வேர்டுக்குத் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’. அதன் எழுத்துருவும் அளவும் தனியாக இருக்கும். முகப்புத் தாவலில் எழுத்துருவை மாற்றியும் தமிழ்ப் பெயர் அசையாமல் நின்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். புலம் முழுவதையும் தேர்ந்து கண்ட்ரோல் + டி அழுத்துங்கள், அதில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் நிர்மலா யூஐ அல்லது லதா, அளவு 11 என்று வையுங்கள். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் ஆபிஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து வேர்டை மூடித் திறங்கள். பெயர்ப் பட்டியல் யூனிகோடுக்கு முந்திய பழைய தமிழ் எழுத்துருவில் தட்டப்பட்டதாக இருந்தால் இதெல்லாம் உதவாது, முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

கமா: காலியான புலம் தனி வரியில் இருந்தால் வேர்ட் அந்த வரியைத் தானாக விழுங்கிவிடும், ஆனால் நீங்கள் தட்டிய கமா அந்த வரியில் இருப்பதால் அது காலி வரி இல்லை. கமாவைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டு, ஆல்ட் + எஃப்9 போட்டு, புலத்துக்குள் கடைசியில் பின்சாய்வுக் கோடு, சிறிய ‘எஃப்’, இடைவெளி, பிறகு "," என்று சேருங்கள். புலத்தில் ஏதாவது இருந்தால் மட்டும் கமா வரும். ஒவ்வொரு முகவரி வரிக்கும் என்டர் போட்டிருக்க வேண்டும்.

---

அச்சுக்கூடம்09

அச்சுக்குப் போகும்போது: ‘ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்’ஜில் நேராக ‘பிரிண்ட்’ வேண்டாம். ‘எடிட் இண்டிவிஜுவல் டாக்குமெண்ட்ஸ்’ போய், வேர்டில் வரிசையை மாற்றும் முன், முதலில் 1 முதல் 8 வரை மட்டும் எடுங்கள். அந்த எட்டும் நீளமான பாக்கி உள்ளவர்களாக இருக்கும், வெட்டு விழுந்தால் அங்கேயே தெரியும். சரியென்றால் ‘ஆல்’.

வரும் பெரிய கோப்பில் ஒவ்வொரு கடிதமும் ஒரு செக்‌ஷன். நடுவில் காகிதம் சிக்கி 112-ஆவது கடிதம் கெட்டால் பக்க எண்ணைத் தேட வேண்டியதில்லை. அச்சுச் சன்னலில் பக்கங்கள் என்ற இடத்தில் சிறிய ‘எஸ்’ எழுத்தும் ஒட்டினாற்போல் 112-ம் தட்டினால் அந்தக் கடிதம் மட்டும் வரும், அது இரண்டு பக்கமாக இருந்தாலும். 112 முதல் கடைசி வரை வேண்டுமானால் நடுவில் ஒரு கோடு போட்டு அடுத்த ‘எஸ்’ எண்.

கடிதக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் ‘எஸ்கியூஎல் கட்டளை ஓடும்’ என்று ஒரு கேள்வி வரும். ‘யெஸ்’ கொடுங்கள். ‘நோ’ கொடுத்தால் எக்செல் இணைப்பு அறுந்து கடிதம் வெறும் கடிதமாகிவிடும், ‘செலக்ட் ரெசிப்பியன்ட்ஸ்’ஸில் மறுபடி இணைக்க வேண்டும். எக்செல் கோப்பின் பெயரையோ ஃபோல்டரையோ மாற்றினாலும் இதே வேலைதான், அதனால் கோப்புப் பெயரில் மாதத்தைச் சேர்க்காதீர்கள். போன மாதத்தது வேண்டுமானால் மெர்ஜ் ஆன பெரிய கோப்பைப் பிடிஎஃப்பாக மாதப் பெயரில் சேமித்து வையுங்கள். யாருக்கு என்ன தொகை என்று அனுப்பினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

---

உரக்கடை_கிராணி

எட்டு கடிதம் எடுத்துப் பார்த்தேன். பதினொரு இன்வாய்ஸ் உள்ளவருக்கும் முழுதாக வந்துவிட்டது, கமா போய்விட்டது. ‘சம்இஃப்’ பத்தியில் நாலு பேருக்கு வித்தியாசம் தெரிகிறது. நாலும் நாக் ஆஃப் ஆகாத ரசீதுதான் அக்கா. அவற்றை முடித்துவிட்டு மறுபடி சிஎஸ்வி எடுக்கிறேன்.

---

பேரேடு_அக்கா

முடிச்சதும் ஏஜிங்கை அதே ‘இந்தத் தேதி வரை’ போட்டே எடுங்க தம்பி. இன்னைக்குத் தேதி போட்டா இந்த மாச விற்பனையும் உள்ளே வந்துடும், கூட வைக்கிற ஸ்டேட்மெண்ட்டோட ஒத்துப் போகாது.